பாட்டு வரி வருகிறது, பேச்சு வரவில்லையே?

கேள்வி: எனக்கு 29 வயது. தமிழ் வழியில் படித்தேன். ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக ஆங்கிலப் பாட்டுகளையும் தொடர்களையும் வைத்துத்தான் ஆங்கிலம் கற்றுக்கொள்கிறேன். பல பாட்டுகள் மனப்பாடம். புது வார்த்தைகளை எழுதி வைத்த நோட்டு நிறைந்துவிட்டது. ஆனால் யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் ஒரு வாக்கியம் வருவதில்லை. போன வாரம் ஒரு மீட்டிங்கில் ‘ஐ டோன்ட் நோ நத்திங் அபவுட் இட்’ என்று சொன்னேன். உடன் வேலை செய்பவர் சிரித்துவிட்டார். பாட்டில் அப்படித்தானே பாடுகிறார்கள்? பாட்டிலிருந்து இலக்கணம் கற்க முடியுமா, முடியாதா? என் கணவர் இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு இலக்கணப் புத்தகம் வாங்கச் சொல்கிறார். விட்டுவிடட்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விட வேண்டாம். இரண்டு வருடம் வீணாகவும் இல்லை. ஆனால் நீங்கள் இதுவரை செய்தது பாதி வேலை. பாட்டு ஒரு வரியை உங்கள் நினைவில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். அந்த வரியை உடைத்து, அதில் உங்கள் விஷயத்தை வைத்துச் சொல்வது மீதிப் பாதி. அது தானாக நடக்காது. உட்கார்ந்து செய்ய வேண்டும்.

நினைவில் நிறுத்துவதில் பாட்டுக்கு இருக்கும் பலம் உண்மையானது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 60 பேருக்கு, அவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஹங்கேரிய மொழிச் சொற்றொடர்கள் சிலவற்றைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு சாதாரணமாகப் பேசிக் கற்றது, ஒரு குழு தாளத்தோடு சொல்லிக் கற்றது, ஒரு குழு பாடிக் கற்றது. எல்லோருக்கும் 15 நிமிடம்தான். பிறகு அந்தச் சொற்றொடர்களைத் திரும்பச் சொல்லச் சொன்னபோது பாடிக் கற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். 2014-ல் இந்த ஆய்வு வெளியானது. அங்கே சோதித்தது திரும்பச் சொல்வதை என்பதை மட்டும் கவனியுங்கள். கற்ற சொற்றொடரை வைத்துப் புதிதாகப் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

உங்கள் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் வாய்ப்பாடு ஒப்பித்தது நினைவிருக்கும். ‘ஏழெட்டு எவ்வளவு?’ என்று திடீரென்று கேட்டால், ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து ஆரம்பித்து எட்டாவது வரிக்கு வந்து சேருவோம். மனப்பாடமான பாட்டும் அப்படித்தான் ஒரே சரமாகக் கிடக்கிறது. மூன்றாவது வரியில் இருக்கும் வினைச்சொல் உங்களுக்குத் தெரியும். ஆனால் அதைத் தனியாக எடுக்க முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டு வர வேண்டும். மீட்டிங்கில் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டு அதுவரை காத்திருக்க மாட்டார்.

சரி, உங்களைச் சிரிப்புக்கு ஆளாக்கிய அந்த வாக்கியத்துக்கு வருவோம். நீங்கள் கேட்டது சரிதான், பாட்டில் அப்படித்தான் பாடுகிறார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1965-ஆம் வருடப் பாட்டின் தலைப்பிலேயே ‘கான்ட் கெட் நோ’ என்று இரண்டு மறுப்புகள் வரும். இப்படிப் பாடுகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்திலும், லண்டன் தொழிலாளர் பேச்சிலும், இன்னும் பல வட்டார வழக்குகளிலும் இரட்டை மறுப்பு முறையான இலக்கணம். அங்கே இரண்டு மறுப்பும் சேர்ந்து ஒரே மறுப்பைத்தான் சொல்கின்றன, அழுத்தமாக. 14-ஆம் நூற்றாண்டில் சாசர் என்ற கவிஞர் எழுதிய ஆங்கிலத்தில்கூட ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மறுப்புகள் வரும். ப்ளூஸ் இசை அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சிலிருந்து பிறந்தது, ராக் இசை ப்ளூஸிலிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் அந்த வழக்கு பாட்டுக்குள் இயல்பாக நிற்கிறது.

அலுவலகத்திலும் தேர்விலும் எதிர்பார்ப்பது பொது ஆங்கிலம். அதில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்பு போதும். ‘ஐ டோன்ட் நோ எனிதிங் அபவுட் இட்’ என்று சொல்லலாம், அல்லது ‘ஐ நோ நத்திங் அபவுட் இட்’. இரண்டாவது கொஞ்சம் வெட்டென்று ஒலிக்கும், அதனால் மீட்டிங்குக்கு முதலாவதே நல்லது. சிரித்தவரை விட்டுத்தள்ளுங்கள். ஒரு வழக்கின் வாக்கியத்தை இன்னொரு வழக்கு நடக்கும் இடத்தில் சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான் நடந்தது.

இதே மாதிரி, காதுக்குத் தெரிந்திருக்க வேண்டிய, ஆனால் இடம் பார்த்துப் பேச வேண்டிய சில வடிவங்கள் உண்டு. ‘இஸ் நாட்’, ‘ஆம் நாட்’ போன்றவற்றுக்குப் பதிலாக ‘எய்ன்ட்’ என்று கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். ‘ஷி டோன்ட்’ என்று பாட்டில் வரும். உங்கள் வாயில் அது ‘ஷி டஸன்ட்’ ஆக இருக்கட்டும். ‘கோயிங் டு’ தேய்ந்து ‘கோன்னா’ ஆகிறது, ‘வான்ட் டு’ தேய்ந்து ‘வான்னா’ ஆகிறது. நண்பர்களோடு பேசும்போது இவை தாராளமாக வரலாம், மெயிலில் எழுத வேண்டாம். இவற்றுக்கும் விதி உண்டு. ‘கோன்னா’ வினைச்சொல்லுக்கு முன்னால் மட்டும்தான் வரும். ‘ஐ ஆம் கோன்னா கால் ஹிம்’ சரி. ‘ஐ ஆம் கோன்னா த ஆபீஸ்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அங்கே ‘கோயிங்’ என்பது நிஜமாகவே போவது. அதேபோல ‘ஹி வான்னா’ கிடையாது, ‘ஹி வான்ட்ஸ் டு’தான்.

பாட்டிலிருந்து இலக்கணம் கற்க முடியும். ஆனால் எல்லாப் பாட்டும் அதற்கு உதவாது. எதுகைக்காக வார்த்தையை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள், எழுவாயை விழுங்கியிருப்பார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்தியிருப்பார்கள். கேட்க அழகாக இருக்கும், வாக்கியம் கட்டப் பழக அது பயன்படாது. ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வரும் பாட்டாகப் பார்த்து எடுங்கள். சில சமயம் தலைப்பே ஒரு பாடம். யு2 குழுவின் 1987-ஆம் வருடப் பாட்டு ஒன்று: ‘ஐ ஸ்டில் ஹாவன்ட் ஃபவுண்ட் வாட் ஐ ஆம் லுக்கிங் ஃபார்’. நான் தேடுவதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம். இந்த ஒரு வரியில் தமிழர்கள் தடுமாறும் இரண்டு இடங்கள் இருக்கின்றன.

முதலாவது, ‘ஹாவன்ட் ஃபவுண்ட்’. தமிழில் நமக்கு ‘-வில்லை’ என்ற ஒரே வடிவம் பல வேலைகளைச் செய்துவிடுகிறது. ‘அவர் பணம் அனுப்பவில்லை’ என்று சொன்னால் நேற்று அனுப்பவில்லை என்றும் இருக்கலாம், இந்த நிமிடம் வரை அனுப்பவில்லை என்றும் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவை தனித்தனி. முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொன்னால் ‘ஹி டிடன்ட் சென்ட் இட் யெஸ்டர்டே’. இன்னும் முடியாத விஷயம், இனியும் அனுப்பலாம் என்றால் ‘ஹி ஸ்டில் ஹாஸன்ட் சென்ட் இட்’. நம் மனதில் ‘-வில்லை’ என்று ஒன்றுதான் இருப்பதால் எல்லா இடத்திலும் ‘டிட் நாட்’ போட்டுவிடுகிறோம். இந்த வித்தியாசத்தை நான் வகுப்பில் விளக்கும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள், பேசும்போது பழையபடி ‘டிட் நாட்’ வந்துவிடும். ஆனால் ‘ஸ்டில் ஹாவன்ட்’ ஒரு பாட்டோடு சேர்ந்து காதில் ஏறியிருந்தால், ‘இன்னும் இல்லை’ என்று நினைத்தவுடன் அந்த ஒலியே முன்னால் வந்து நிற்கும். பாட்டு செய்யும் பெரிய உதவி இது.

இரண்டாவது, ‘வாட் ஐ ஆம் லுக்கிங் ஃபார்’. கேள்வியாகக் கேட்டால் ‘வாட் ஆம் ஐ லுக்கிங் ஃபார்?’ என்று வினைச்சொல் முன்னால் வரும். வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் ‘ஐ ஆம்’ என்று நேர் வரிசைக்குத் திரும்பிவிடும். ‘டூ யூ நோ வேர் இஸ் த ஃபைல்?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ‘டூ யூ நோ வேர் த ஃபைல் இஸ்?’ என்றுதான் வர வேண்டும். கடைசியில் தொங்கும் ‘ஃபார்’ என்ற சின்னச் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். ‘லுக்கிங்’ மட்டும் இருந்தால் பார்ப்பது, ‘லுக்கிங் ஃபார்’ என்றால் தேடுவது.

இப்போது நான் சொன்ன மீதிப் பாதி வேலை. அந்த வரியை நோட்டில் எழுதி, ஒவ்வொரு இடமாக மாற்றுங்கள். ஆளை மாற்றினால் ‘ஷி ஸ்டில் ஹாஸன்ட் ஃபவுண்ட் வாட் ஷி இஸ் லுக்கிங் ஃபார்’. பாருங்கள், ‘ஹாவன்ட்’ ‘ஹாஸன்ட்’ ஆனது, ‘ஆம்’ ‘இஸ்’ ஆனது. இந்த மாற்றத்தை உங்கள் கை எழுதினால்தான் இலக்கணம் உங்களுடையதாகும். அப்புறம் வினையை மாற்றி உங்கள் மேஜைக்குக் கொண்டுவாருங்கள். ‘வி ஸ்டில் ஹாவன்ட் ரிசீவ்ட் த இன்வாய்ஸ்.’ ‘தே ஸ்டில் ஹாவன்ட் டோல்ட் அஸ் வாட் தே ஆர் வெய்ட்டிங் ஃபார்.’ இந்த இரண்டும் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர் எந்த நாளிலும் சொல்ல வேண்டி வரும் வாக்கியங்கள். ஒரு வரிக்கு ஐந்தாறு வாக்கியம் போதும். அதில் ஒன்றையாவது அந்த வாரத்தில் ஒரு மனிதரிடம் சொல்லுங்கள், அல்லது ஒரு மெயிலில் எழுதுங்கள். அதுவரை அந்த வரி பாடகருடையதுதான்.

இன்னொரு வரியும் சொல்லிவிடுகிறேன். பியான்சேயின் 2008-ஆம் வருடப் பாட்டின் தலைப்பு ‘இஃப் ஐ வேர் எ பாய்’. ‘ஐ’ என்பதற்குப் பக்கத்தில் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வந்திருக்கிறது, நடக்காத ஒன்றைக் கற்பனை செய்வதால். இதை வைத்து ‘இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் வெய்ட்’ என்று சொல்லப் பழகினால், ஒருவருக்கு மரியாதையாக ஆலோசனை சொல்லும் வாக்கியம் கைக்கு வந்துவிடும்.

பாட்டு கொடுக்காத ஒன்று உண்டு. பதில் பேச்சு. டிம் மர்ஃபி என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் 1992-ல் பாப் பாட்டுகளின் மொழியை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். பாட்டின் சொற்கள் எளிமையானவை, திரும்பத் திரும்ப வருபவை, பேச்சைவிட மெதுவாக வருபவை. ஆனால் பாட்டில் வரும் ‘ஐ’ யார், ‘யூ’ யார், எங்கே, எப்போது என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்று காட்டினார். அதனால்தான் கேட்பவர் யாராக இருந்தாலும் பாட்டு தனக்கென்று தோன்றுகிறது. பேச்சுப் பயிற்சிக்கு அதுவே குறை. பாட்டில் ஒருவர் உருகிக்கொண்டே இருப்பார், எதிரில் இருப்பவர் வாய் திறக்க மாட்டார். உங்களுக்கு மீட்டிங்கில் தேவைப்படுவது எதிரில் இருப்பவரின் வாக்கியங்கள். அவை வசனத்தில்தான் கிடைக்கும்.

ஆகவே தொடர்களைப் பார்க்கும் விதத்தைக் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன். அத்தியாயம் அத்தியாயமாக ஓட விடுவது பொழுதுபோக்கு, அதை அதற்காகவே பாருங்கள். கற்பதற்கு இரண்டு நிமிடக் காட்சி ஒன்று போதும். இன்றைய காலத்தில் நடக்கிற, வீடு, வேலை, நட்பு என்று போகிற கதையாக இருக்கட்டும். சரித்திரக் கதையும் தாதாக்கள் கதையும் வேண்டாம். அந்தக் காட்சியில் புது வார்த்தை தேடுவதைவிட, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பாருங்கள். ‘தட் மேக்ஸ் சென்ஸ்.’ ‘நாட் ரியலி.’ ‘ஐ சப்போஸ் சோ.’ ‘லெட் மீ கெட் பேக் டு யூ ஆன் தட்.’ இவை எல்லாம் தெரிந்த சொற்கள்தான், உங்கள் நோட்டில் ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் இந்தச் சின்னப் பதில்கள் கையில் இருந்தால், பெரிய வாக்கியத்தை யோசிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

பதில்களில் கண்ணிகளும் உண்டு. ‘வுட் யூ மைண்ட் சென்டிங் இட் டுடே?’ என்று ஒருவர் கேட்கிறார். அனுப்பச் சம்மதம் என்பதற்காக ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டால், ‘ஆமாம், எனக்குச் சிரமம்’ என்று அர்த்தமாகிவிடலாம். ‘நாட் அட் ஆல்’ என்று சொன்னால் குழப்பமே இல்லை. இதைப் புத்தகத்தில் படித்து ஞாபகம் வைப்பது கடினம். ஒரு காட்சியில் ஒருவர் கேட்டு இன்னொருவர் பதில் சொல்லிவிட்டு எழுந்து போவதைப் பார்த்தால் மறக்காது.

உங்கள் வார்த்தை நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெப், ரோஜர்ஸ் என்ற இருவர் 2009-ல் நூற்றுக்கணக்கான ஆங்கிலப் படங்களின் வசனங்களை எண்ணிப் பார்த்தார்கள். அடிக்கடி வரும் 3,000 சொற்குடும்பங்களும் ஆள் பெயர், இடப் பெயரும் தெரிந்தாலே வசனத்தில் சுமார் 95 சதவீதம் அடங்கிவிடுகிறது என்று தெரிந்தது. சொற்குடும்பம் என்றால் ‘டிசைட்’, ‘டிசைடட்’, ‘டிசிஷன்’ எல்லாம் சேர்ந்து ஒன்று. ஆக, அபூர்வமான வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போக அவசரமில்லை. தெரிந்த வார்த்தை எதனோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். முடிவை ‘மேக்’ பண்ணுவார்கள், ‘டூ’ பண்ண மாட்டார்கள். ‘மேக் எ டிசிஷன்’. இனிமேல் நோட்டில் தனி வார்த்தை எழுதாமல், அது வந்த முழு வரியையும் அதன் கீழே உங்கள் சொந்த வாக்கியம் ஒன்றையும் எழுதுங்கள்.

காதுக்கு ஒரு பயிற்சி உண்டு. பாட்டோ வசனமோ, முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்டு, கேட்டதை எழுதுங்கள். பிறகு சரிபாருங்கள். தவறாகக் கேட்பது எல்லோருக்கும் நடப்பதுதான். சில்வியா ரைட் என்ற அமெரிக்க எழுத்தாளர் சிறுவயதில் ஒரு பழைய ஸ்காட்லாந்துப் பாட்டில் ‘லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்’ என்று வந்ததை ‘லேடி மாண்டக்ரீன்’ என்று ஒரு பெண்ணின் பெயராகக் கேட்டிருக்கிறார். 1954-ல் அதைப் பற்றி அவர் எழுதியதிலிருந்து இப்படிக் காதில் பிசகும் வரிகளுக்கு ஆங்கிலத்தில் ‘மாண்டக்ரீன்’ என்றே பெயர் வந்துவிட்டது. உங்களுக்குப் பிசகும் இடங்களைக் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் சின்னச் சொற்களாகத்தான் இருக்கும். ‘ஆஃப்’, ‘டு’, ‘ஹாவ்’ போன்றவை பேச்சில் அழுத்தமில்லாமல் கரைந்துவிடுகின்றன. ‘ஷுட் ஹாவ்’ என்பது ‘ஷுடவ்’ என்றுதான் கேட்கும். ஆங்கிலமே தாய்மொழியானவர்கள்கூட ஒலியை நம்பி அதை ‘ஷுட் ஆஃப்’ என்று தவறாக எழுதிவிடுவதுண்டு. இலக்கணம் இருப்பதே இந்தச் சின்னச் சொற்களில்தான், அதனால் அவற்றைக் கேட்கப் பழகிய காதுக்கு இலக்கணம் பாதி வந்துவிடும். வரிகளைத் தேடி எடுக்கும்போது இணையத்தில் கிடைப்பதிலும் பிழை இருக்கும், இரண்டு இடத்தில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தொடருக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டால் நீங்கள் தமிழ் படித்துக்கொண்டிருப்பீர்கள். ஆங்கில சப்டைட்டிலே போடுங்கள், அதே காட்சியை அடுத்த முறை அதுவும் இல்லாமல் பாருங்கள்.

எழுதி முடித்த பிறகு வரியைப் பாடாமல் பேசிப் பாருங்கள். இதை மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். மெட்டுக்காக ஓர் எழுத்தை இழுப்பார்கள், அழுத்தம் வரக்கூடாத இடத்தில் அழுத்துவார்கள். ‘ரெக்கார்ட்’ என்ற சொல்லை எடுங்கள். பதிவு என்ற பெயர்ச்சொல்லாக வரும்போது முதல் அசையில் அழுத்தம், பதிவு செய் என்ற வினையாக வரும்போது இரண்டாவது அசையில். மெட்டு இதை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேசுகிறவருக்கு உண்டு. நாம் தமிழ்ப் பழக்கத்தில் எல்லா அசையையும் முழுதாக உச்சரிக்கிறோம், அதனால் நம் ஆங்கிலம் சரியாக இருந்தும் சில சமயம் கேட்பவருக்குப் புரிவதில்லை. கரோலின் கிரஹாம் என்ற ஆசிரியர் 1978-ல் ‘ஜாஸ் சாண்ட்ஸ்’ என்ற பயிற்சியைக் கொண்டுவந்தார். சாதாரணப் பேச்சு வாக்கியங்களையே, பேசும்போது அழுத்தம் விழும் இடத்தில் தாளம் விழும்படி கைதட்டிச் சொல்வது. மெட்டு இல்லை, தாளம் மட்டும். பாட்டுப் பிடித்த உங்களுக்கு அது நன்றாக ஒத்துவரும்.

இலக்கணப் புத்தகம் வாங்கச் சொன்ன உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பயிற்சியும் விடையும் உள்ளதாக ஒன்று வாங்குங்கள். ஆனால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டாம். ஒரு வரியில் ‘ஏன் இங்கே இப்படி வந்தது?’ என்று உங்களுக்குக் கேள்வி எழும்போது, அந்தப் பாடத்தை மட்டும் திறந்து படித்துப் பயிற்சியைச் செய்யுங்கள்.

வாரத்துக்கு ஒரு பாட்டு வரியும் ஒரு காட்சியும் போதும். உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டுகளிலிருந்தே தொடங்குங்கள், புதிதாக எதையும் தேட வேண்டாம். முழு வாக்கியமாக இருக்கும் ஒரு வரியை எடுத்து, நான் மேலே செய்ததுபோல் ஆளை மாற்றி, வினையை மாற்றி, காலத்தை மாற்றி, ஆறு வாக்கியம் எழுதுங்கள். குறைந்தது மூன்று உங்கள் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். அவற்றை எனக்கு எழுதி அனுப்புங்கள், திருத்தி அனுப்புகிறேன்.